காரணம் இல்லாமல் நடந்த பத்து நாட்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். செயலாளர் என்னிடம், "உங்களுக்கு விருப்பமான எதையும் கதைக்கலாம்" என்று சொல்லிவிட்டார். ஆகவே நான் ஒரு விடுமுறையைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். கடைசியில் கொஞ்சம் வைத்தியமும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போன இடம் ரியூனியன் தீவு. மடகஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீற்றர் தூரத்தில், மொரீசியஸுக்கு அயலில் இருக்கிறது. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். பரப்பளவு 2,512 சதுர கிலோமீற்றர். இலங்கையை 26 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் கடலடியிலிருந்து எரிமலைகள் கட்டி எழுப்பிய தீவு என்பதால் உயரத்தில் நம்மை மிஞ்சிவிடும். நமது பிதுருதலாகல மலை 2,524 மீற்றர். அங்குள்ள பித்தோன் தே நேஜ் சிகரம் 3,070 மீற்றர்.

போனவர்கள் எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஐந்து பேர். ஒருத்தி யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. மற்றவர்கள் கொழும்பு, பரிஸ், ரொறன்ரோ, மெல்பேர்ன் என்று சிதறி இருப்பவர்கள். இரண்டு வருடம் வட்ஸ்அப்பில் திட்டமிட்டோம். ஐந்து வீடுகளிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அங்கே யாருக்குக் கலியாணம்?" கலியாணம் இல்லை என்றால், "கோயில் நேர்த்தியா?" அதுவும் இல்லை, சும்மா நடக்கப் போகிறோம் என்று சொன்னபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. உண்மையில் எங்களுக்கும் அது அப்போது முழுதாக விளங்கியிருக்கவில்லை.

முதலில் எரிமலையைப் பார்க்கப் போனோம். அதன் பெயர் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ். உலைச் சிகரம் என்று பொருள் கொள்ளலாம். உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் அதுவும் ஒன்று. மலை மேலே காரில் போகும்போது காடும் புல்வெளியும் முடிந்து, ஓர் வளைவு திரும்பியதும் மரம் செடி எதுவும் இல்லாத செங்கருமை நிறச் சமவெளி ஒன்று விரிகிறது. வாகனத்தில் ஐந்து பேரும் கதையை நிறுத்திவிட்டோம். வீதி பா தெ பெல்கோம்ப் என்னும் விளிம்பில் முடிகிறது. அங்கிருந்து நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி உறைந்த எரிமலைக் குழம்பின் மேல் நடக்க வேண்டும். பாறையில் வெள்ளைப் பூச்சால் அடையாளமிட்டிருக்கிறார்கள். புகார் வந்தால் அந்த வெள்ளைப் புள்ளிகள்தான் வழிகாட்டி. சில இடங்களில் குழம்பு கயிறு முறுக்கியதுபோல் உறைந்து கிடக்கிறது. சில இடங்களில் உடைத்த கொக்கோ கட்டிபோல. மேல்விளிம்பு வரை போய்த் திரும்ப எங்களுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. 2007 ஏப்ரலில் அந்த வாய் 300 மீற்றருக்கு மேல் உள்ளே இடிந்து விழுந்தது. விளிம்பில் நின்று பார்த்தால் அது தெரியும். வெடிப்பதற்கான அறிகுறி தென்பட்டால் அதிகாரிகள் அந்தப் பகுதியை உடனே மூடிவிடுவார்கள். ஆகவே போகிறவர்கள் முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

எரிமலைக் குழம்பு கடலுக்கு இறங்கும் கிழக்குக் கரையில் ஒரு தேவாலயம் இருக்கிறது. 1977இல் குழம்பு ஊருக்குள் வந்து வீடுகளை எரித்து, தேவாலயத்தின் வாசலில் நின்று, இரு பக்கமும் பிரிந்து போய்விட்டது. கறுத்த பாறை இன்றும் சுவரை அணைத்தபடி கிடக்கிறது. அதற்குத் தெற்கே, 2007இல் குழம்பு மூடிய இடத்தின் மேல் வீதியைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். வீதியின் இரு பக்கமும் கரும்பாறை. அதில் முதலில் சாம்பல் நிறப் பாசிபோன்ற ஒன்று படர்கிறது. பிறகு வெடிப்புகளில் பன்னம் முளைக்கிறது. பிறகு சிறு மரங்கள். எந்த வருடத்துக் குழம்பு என்பதை அதன் மேல் வளர்ந்திருக்கும் பச்சையை வைத்தே ஊகிக்கலாம். எங்கள் ஆசிரியைத் தோழி அதைப் படம் பிடித்து விஞ்ஞானப் பாடத்துக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

என் மனதில் அதிகம் தங்கிய இடம் மஃபாத். தீவின் நடுவில் உள்ள மூன்று பெரும் மலைக்கிண்ணங்களில் ஒன்று. அதற்குள் வீதி கிடையாது. கால்நடையாகப் போகலாம், அல்லது ஹெலிகொப்டரில் போகலாம். சில நூறு பேர் சிறு சிறு குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். மின்சாரம் சூரியத் தகடுகளில் இருந்து வருகிறது. அரிசி மூட்டை ஆகாயத்தில் இருந்து இறங்குகிறது. இந்த மலைக்கிண்ணங்களும் சிகரங்களும் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

அந்தக் கிண்ணத்துக்குள் முதலில் குடியேறியவர்கள் கரும்பு, கோப்பித் தோட்டங்களில் இருந்து தப்பி ஓடிய அடிமைகள். பிடிபட்டால் கொடிய தண்டனை. ஆகவே எவரும் ஏற முடியாத இடங்களைத் தேடி ஏறினார்கள். அடிமை முறை அங்கே 1848 டிசெம்பர் 20இல் ஒழிக்கப்பட்டது. இன்று உல்லாசப் பயணிகள் நடக்கும் பாதைகள் சிலவற்றில் அன்று உயிருக்குப் பயந்தவர்கள் நடந்தார்கள்.

கோல் தே பெஃப் என்ற கணவாயிலிருந்து இறங்கி, பாசி தொங்கும் பழைய மரங்களின் ஊடே லா நூவெல் என்ற குடியிருப்புக்குப் போக இரண்டு மணித்தியாலம். பாதி வழியில் பரிஸ் தோழி நின்றாள். "செம்மணி வீதிக்குப் பிறகு முதுகில் பையோடு இவ்வளவு தூரம் நான் நடக்கவில்லையடி" என்றாள். 1995 ஒக்ரோபர் 30ஐ இந்த மண்டபத்தில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு அப்போது 14, 15 வயது. மழை. நாவற்குழிப் பாலம். புத்தகப் பையில் புத்தகம் இல்லை. அரிசியும் தம்பியின் உடுப்பும்தான் இருந்தன. அதன் பிறகு நடை என்றால் எங்கள் வகுப்புக்கு அதுதான். நாங்கள் ஐந்து பேரும் அந்தப் பாதையோரத்தில் உட்கார்ந்து, அதைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். இத்தனை வருடமாக ஒருத்தருக்கொருத்தர் சொல்லாத விடயங்கள் வந்தன. பிறகு எழும்பி நடந்தோம். அன்றிரவு லா நூவெலில் சோறும் அவரைக் கறியும் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கே நித்திரை.

சிலாவோஸ் என்ற மலையூருக்குப் போகும் வீதியில் 400க்கு மேற்பட்ட வளைவுகள். தலைசுற்றுபவர்கள் முன்கூட்டியே மாத்திரை எடுங்கள். அந்த ஊர் பருப்புக்குப் பேர் போனது. அங்கிருந்துதான் பித்தோன் தே நேஜ் சிகரத்துக்கு ஏறுவார்கள். முதல் நாள் 1,100 மீற்றர் ஏற்றம். மலைமடத்தில் படுத்து, விடியப்புறம் மூன்று மணிக்கு நெற்றி விளக்கோடு மிச்சத்தை ஏறினால் சூரிய உதயம். மூன்று பேர் ஏறினோம். முழங்கால் நோவுள்ள இரண்டு பேர் சிலாவோஸில் தங்கி, வெந்நீர்க் குளியல் எடுத்தார்கள். அவர்கள் எங்களை விடக் குறைவாக அனுபவித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. சிவனொளிபாத மலையில் உதயம் பார்த்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். வித்தியாசம், இங்கே நாலு பக்கமும் கடல் தெரிகிறது.

நடக்க விருப்பமில்லாதவர்களுக்கும் அங்கே காட்சிகள் உண்டு. சலாசி மலைக்கிண்ணத்தில் மணப்பெண்ணின் முக்காடு என்று பெயர் பெற்ற அருவி வீதியிலிருந்தே தெரியும். ஓகஸ்டில் மேற்குக் கரையில் கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் வரும். படகேறாமல், கரையில் நின்றே நாங்கள் இரண்டைக் கண்டோம். வனிலாத் தோட்டங்களில் காய்களைப் பதப்படுத்துவதைப் பார்க்கலாம். வனிலாப் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் எளிய முறையை 1841இல் கண்டுபிடித்தவன் அந்தத் தீவில் அடிமையாகப் பிறந்த 12 வயதுச் சிறுவன் எட்மொன். உலகம் இன்றும் அதே முறையைப் பின்பற்றுகிறது. அவரோ 1880இல் வறுமையில் இறந்தார்.

நம்மவர்களும் அங்கே இருக்கிறார்கள். அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பெருந்தொகையான தமிழர் கொண்டுவரப்பட்டார்கள். நமது மலையகத்தின் கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டிய கதை. அவர்களின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் சன்-ஆந்த்ரேயில் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி, பாஞ்சாலிக்குத் தீமிதிப்பு. ராமசாமி அங்கே குடும்பப் பெயர். சந்தையில் பீர்க்கங்காயைப் பார்த்து இதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன். "பிப்பங்காய்" என்றார் விற்ற அம்மா. நான் நம் பெயரைச் சொன்னதும், அவர் இரண்டு காயைக் கூடுதலாகப் போட்டுத் தந்தார்.

கடைசி இரண்டு நாளும் எர்மித்தாஜ் கடற்கரையில். பவளப்பாறை அணை கட்டியதுபோல் நிற்க, உள்ளே இடுப்பளவு தெளிந்த நீர். சுறா ஆபத்து இருப்பதால் அணைக்கு வெளியே குளிக்கக் கூடாது. சவுக்கு மர நிழலில் பாயைப் போட்டு, கண்ணாடி அணிந்து முகத்தை நீருக்குள் வைத்தாலே வண்ண மீன்கள். ஆனால் எங்கள் ஐவரில் நால்வருக்கு நீந்தத் தெரியாது. தீவில் பிறந்தவர்கள். ஒருத்தியின் வீட்டிலிருந்து கடல் பத்து நிமிட நடை. பிரெஞ்சுக் குழந்தைகள் எங்களைச் சுற்றி நீந்திப் போக, நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நின்றோம். 2004 மார்கழி 26ஐக் கண்ட நாட்டில் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்காமல் இருப்பதற்கு எந்தக் காரணத்தையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இனி வாக்களித்த வைத்தியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு வேகமாகத் தேயும். உடல் பாரத்தைச் சுமந்து நடப்பது எலும்புக்கு நல்லது. மலைநடைக்குப் போவதற்கு மூன்று மாதம் முன்பே படியேறிப் பழகுங்கள். இறக்கத்தில்தான் முழங்காலுக்குக் கஷ்டம், இரண்டு ஊன்றுகோல் பிடியுங்கள். புதுச் சப்பாத்தோடு மலை ஏறாதீர்கள். 2,500 மீற்றருக்கு மேல் தலையிடியும் வாந்தியும் வந்தால் வீரம் காட்டாமல் கீழே இறங்குங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் எரிமலைப் புகைக்குக் கிட்டப் போகவேண்டாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் பையில் இனிப்பு வைத்திருங்கள்.

நம் பாட்டிமார் சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை நடந்தார்கள். அது நேர்த்தி நடை. நாங்கள் செம்மணி வழியாக நடந்தோம். அது பயத்தின் நடை. சும்மா, பார்ப்பதற்காக, களிப்புக்காக நடப்பது என்ற மூன்றாவது நடையை எங்களுக்கு யாரும் பழக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் நாங்களாகவே பழகினோம். இன்று இந்தக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.

அதற்கு ரியூனியன் வரை போகவும் வேண்டாம். சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் நீச்சல் பழக்குங்கள். வருடத்தில் ஒரு நாள் அவர்களை ஒரு நடைக்குக் கூட்டிப் போங்கள். பரீட்சைக் கேள்வி இல்லாத, கட்டுரை எழுதச் சொல்லாத நடை. முதல் வருடச் செலவில் பாதியை நாங்கள் ஐந்து பேரும் தருவதாகப் பேசி முடித்திருக்கிறோம். மிச்சப் பாதியை எந்த வகுப்பு ஏற்கப் போகிறது என்பதைத் தேநீர் இடைவேளையில் பொருளாளரிடம் சொல்லுங்கள்.