'காக்னிசன்ஸ்' என்னும் சொல்

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் மேன்மையைப் பொதுப்படப் பேசுவது மரபு. நாம் இன்று ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'காக்னிசன்ஸ்' என்பது அச்சொல். நம் பிள்ளைகள் எழுதும் விண்ணப்பங்களில் இச்சொல் மிகுதியாகக் காணப்படுகிறது. ஆயின், இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது அரிது.

விண்ணப்பம் எழுதுவது நம்மவர்க்குப் புதிதன்று. 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனார் காலத்திலிருந்தே எழுதி வருகிறோம். எழுதிய தாள் பயன் தர வேண்டுமானால் சொல் தன் பொருளில் நிற்றல் வேண்டும்.

'அவேர்னஸ்' என்பதை விழிப்புணர்வு என்கிறோம். அதனினும் உயர்ந்த சொல் காக்னிசன்ஸ் என்று கருதி, 'ஹெல்த் காக்னிசன்ஸ் கேம்ப்' என்று எழுதுவோர் உளர். அது பிழை. விழிப்புணர்வு உள்ளத்தில் இருப்பது. அதனைப் பரப்பலாம், வளர்க்கலாம். காக்னிசன்ஸ் என்பதற்கு அறிவு என்ற பொதுப்பொருள் இருப்பினும், எழுத்து வழக்கில் அது பெரும்பாலும் அறிந்த ஒன்றை முறைப்படி கணக்கில் எடுத்துக்கொள்ளும் செயலையே குறிக்கும். அச்செயலைச் செய்வோர் பெரும்பாலும் அதிகாரமுடையோர்.

ஆகவே 'டேக் காக்னிசன்ஸ் ஆஃப்' என்பதே வாக்கிய அமைப்பு. 'ஆஃப்' இருக்கும் இடத்தில் 'ஆன்', 'எபவுட்' வருதல் ஆகா. 'காக்னிசன்ட்' என்னும் பெயரடைக்கும் 'ஆஃப்' தான். நடுவே 'இசட்' எழுதினும் 'எஸ்' எழுதினும் சரியே. ஒரு தாளில் ஒன்றையே எழுதுக. 'ரெகக்னிசன்ஸ்' வேறு சொல். அது நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கும் பிணைமுறி. நீதிமன்றம் தானாக முன்வந்து எடுப்பதைக் குறிக்கும் 'சுவோ மோட்டு' என்னும் இலத்தீன் தொடர் 'யு' எழுத்தில் முடியும். அதை 'ஓ' என்று முடிப்போர் வழக்கறிஞர்களிலும் உண்டு!

'டு யுவர் கைண்ட் காக்னிசன்ஸ்' என்று தொடங்கும் விண்ணப்பங்களையும் காண்கிறோம். அங்கே 'நோட்டீஸ்' போதும். 'கைண்ட்' எதற்கு? கடமையைச் செய்யக் கேட்கிறோம், தயவை அன்று.

இச்சொல்லின் உறவே 'காக்னிசபிள்'. நம் வாழ்வை நேரே தொடுவது இதுதான். காக்னிசபிள் குற்றமாயின் காவல்துறை பிடியாணையின்றிக் கைது செய்யலாம். நீதிபதியின் உத்தரவுக்குக் காத்திராமல் புலன் விசாரணை தொடங்கலாம். அல்லாத குற்றமாயின் அவ்வுத்தரவின்றி விசாரணை இல்லை. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. அதன் 15-ஆம் பிரிவு, அச்சட்டத்தின்படியான ஒவ்வொரு குற்றமும் காக்னிசபிள் என்கிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் கூறப்பட்ட வன்கொடுமைகளும் அத்தகையனவே.

பொதுக் குழாயில் நீர் பிடிக்க விடாமல் தடுத்து, சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்தார்கள் என்று கொள்வோம். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். என்னும் மனு ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவது உண்டு. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. காக்னிசபிள் குற்றம் வெளிப்படுமாயின் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-இல் தீர்ப்பளித்தது. வன்கொடுமைச் சட்ட வழக்கில் பதிவுக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

எனவே நிலையத்துக்கு எழுதும் தாளில் காக்னிசன்ஸ் வேண்டா. நாள், நேரம், இடம், தடுத்தவர் பெயர், அவர் சொன்ன சொல், அதைக் கேட்டவர் பெயர் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதி, முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யுமாறு கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால், எழுதியதை வாசித்துக் காட்டச் செய்து பின்னரே கையொப்பமிடுங்கள். நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இதற்கு இடந்தருகிறது.

அதன் பின்னும் பயனில்லையேல் நீதிமன்றம் உண்டு. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் குற்றத்தை நேரடியாகவே காக்னிசன்ஸ் எடுக்கலாம். அங்கே தாக்கல் செய்யும் மனுவில் 'டேக் காக்னிசன்ஸ் ஆஃப்' என்று எழுதி, அதனையடுத்துக் குற்றத்தின் பிரிவு எண்ணைத் தவறின்றிக் குறியுங்கள்.