எச்சரிக்கையை மூடும் முன் வாசிப்போம்

(யானைக்கவுனியில் ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பழைய கணினிகளில் கணித ஆப்லெட்டைத் திறந்தால், ‘பாதுகாப்புக் காரணத்தால் தடுக்கப்பட்டது’ என்று வருவதாகப் பலர் சொன்னீர்கள். ஆப்லெட் என்பது இணையப் பக்கத்துக்குள் இயங்கும் சிறிய ஜாவா நிரல். “அதில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதே, பிறகு ஏன் தடை?” என்பது உங்கள் கேள்வி.

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளை இப்பகுதியில் நாள்தோறும் பார்க்கிறோம். கதவில் சீல் இருக்கும். சீல் உடையவில்லை என்றால், பூட்டியபின் யாரும் திறக்கவில்லை என்று பொருள். உள்ளே இருக்கும் சரக்கு நல்லதா என்பதைச் சீல் சொல்லாது. டிஜிட்டல் கையொப்பமும் அப்படித்தான். நிரலை வெளியிட்டவர் யார், அது இடையில் மாற்றப்பட்டதா என்பதை மட்டுமே அது காட்டும்.

எனவே பிழை வந்தால் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

முதலாவது, கணினியின் தேதி சரியா? தாய்ப்பலகை பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது செல்லுபடியாகும் சான்றிதழையும் கணினி ஏற்காது.

இரண்டாவது, சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதா? கையொப்பமிட்ட நேரத்துக்கான முத்திரை நிரலில் இல்லையெனில், சான்றிதழ் முடிந்ததும் சிக்கல் தொடங்கும்.

மூன்றாவது, கையொப்பமிட்டவர் யார்? 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51 முதல், அங்கீகாரம் பெற்ற சான்றளிப்போர் வழங்காமல், எழுதியவர் தமக்குத் தாமே உருவாக்கிக்கொண்ட சான்றிதழ் இருந்தால் ஆப்லெட் இயல்பாகவே தடுக்கப்படும்.

நான்காவது, பிரவுசர் ஆப்லெட்டை ஏற்குமா? குரோம் 2015-லும் பயர்பாக்ஸ் 2017-லும் ஜாவா செருகுநிரலைக் கைவிட்டன. அங்கே எந்த அமைப்பை மாற்றினாலும் பயன் இல்லை.

ஜாவாவில் ‘விதிவிலக்குத் தளப் பட்டியல்’ ஒன்று உண்டு. தளத்தின் முகவரியை அதில் சேர்த்தால், தடுக்கப்பட்ட ஆப்லெட்டையும் அனுமதித்து ஓட்டலாம். பலர் சொல்லித்தரும் குறுக்குவழி இதுதான். முழு அனுமதி கேட்கும் ஆப்லெட்டுக்குச் சம்மதம் தந்துவிட்டால், அது கணினியின் கோப்புகளைப் படிக்கவும் அழிக்கவும் முடியும். எமிஸ் பதிவுக்காகச் சேமித்த மாணவர் விவரங்கள் அதே கணினியில் இருக்கலாம். அவற்றைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. ஆகவே யாருடையது என்று தெரியாத தளத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

நல்ல வழி எளிது. ஜியோஜீப்ரா இன்று ஜாவா இல்லாமலே பிரவுசரில் இயங்குகிறது. நம் கணிதப் பாடநூலின் இணையச் செயல்பாடுகள் பலவும் அதில் அமைந்தவையே. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் தளமும் தன் அறிவியல் செயல்பாடுகள் பலவற்றை எச்டிஎம்எல்5-க்கு மாற்றியுள்ளது.

ஒரு வேண்டுகோள். எச்சரிக்கை வந்ததும் நாம் ‘சரி’யை அழுத்தினால், பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் அதையே கற்பார்கள். நாளை கைபேசியில் மோசடிச் செய்தி வரும்போதும் அப்படியே அழுத்துவார்கள். வகுப்பில் அந்த வரிகளை உரக்க வாசியுங்கள். என்ன சொல்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். அதுவும் ஒரு பாடம்தான்.