பருவமும் கைவேலையும்

(கோபிசெட்டிபாளையத்தில் நமது அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கொடிவேரி அணையினின்று தடப்பள்ளி வாய்க்காலில் நீர் வருங்கால் வயல்வேலை மிகுதி. வேனிலிலோ திண்ணையே நமது தொழிற்சாலை. சித்திரையில் பனையோலை விசிறி, ஆடி நோம்பிக்குத் தூரி, மார்கழியில் கோலம், தை பிறக்குமுன் வேப்பிலை, ஆவாரை, பூளைப்பூச் சேர்த்துக் காப்புக் கட்டு என்று பருவந்தோறும் நம் இல்லங்களில் கைகள் ஓய்ந்ததில்லை.

என் அன்னையார் முடைந்த விசிறி சென்ற கோடையில் இற்றுப்போயிற்று. ஓலையை நனைத்துப் பதப்படுத்திச் செப்பனிட முயன்றேன், கைக்கு வரவில்லை. அவர் முடைவதை நூறு முறை அருகமர்ந்து பார்த்தேன். ஒரு முறையேனும் தொட்டுக் கற்றேனில்லை. கடையில் விசிறி உண்டு. கேட்பதற்கு அன்னையார் இல்லை.

ஆதலின், அன்பர்களே, முதியோர் அருகில் உங்கள் குழந்தைகளை அமர்த்துங்கள். பார்த்தால் போதாது, தொட்டுக் கற்கட்டும்.