நாயுடன் ஜெர்மனிக்கு

வேலை கிடைத்து ஜெர்மனிக்குக் குடிபோகிறவர்கள் வீட்டு நாயையும் அழைத்துப்போக விரும்பினால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அதற்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும். முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப். அதன் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி. வரிசை மாறினால் அந்த ஊசி கணக்கில் சேராது. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு சாதகமாக வந்தாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. ஆக, எப்படியும் 4 மாதம்!

அந்த நாட்களை வீணாக்காதீர்கள். பயணக் கூண்டை வீட்டில் திறந்தே வைத்து, உள்ளே சாப்பாடு வையுங்கள். நாய் தானாகப் போய்ப் படுத்துப் பழகட்டும். பதறுமே என்று தூக்க மருந்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பாவம். பறக்கும்போது அதற்கு மூச்சுத் திணறலாம், ரத்த அழுத்தமும் இறங்கலாம்.