வசனத்துக்கு முந்தைய சிரிப்பு



மௌனக் குறும்படங்களில் அடிதடி நகைச்சுவை என்ற பொருளில் கருத்தரங்கு, முதல் நாள் ராஜபாளையத்தில், மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் என்று சொன்னதும் நண்பர் ஒருவர், "வழுக்கி விழுவதற்கெல்லாமா கருத்தரங்கு?" என்றார். பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது, இடப்பொருத்தம் சரியாக இருக்கிறது என்று பதில் சொன்னேன்.

அவர் கேள்வியில் நம் ஆய்வுலகத்தின் பழக்கமும் இருக்கிறது. தமிழ்ச் சினிமாவின் சிரிப்பைப் பற்றி எழுதும்போது நாம் வசனத்தைத்தான் எழுதுகிறோம். கலைவாணர் என்ன கருத்துச் சொன்னார், தங்கவேலு எந்தச் சொல்லை எப்படி இழுத்தார் என்று பக்கம் பக்கமாகப் போகும். சந்திரபாபு கால் இடறி விழும் விதம், நாகேஷின் முழங்கால்கள் ஆளுக்கொரு திசையில் போகும் விதம் இவற்றுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். மௌனப் படத்துக்கு இந்த வசதி கிடையாது. அங்கே எழுதுவதற்கு உடம்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியே சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய படங்களில் ஒன்று, தோட்டக்காரன் செடிக்குத் தண்ணீர் விடும் படம். ஒரு நிமிடம்கூட ஓடாது. பையன் ஒருவன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. தோட்டக்காரன் குழாய் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிறான். பையன் காலை எடுக்கிறான். மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். நான் கவனிக்கச் சொல்வது அதற்கப்புறம் நடப்பதை. ஓடும் பையனைப் பிடித்தவன் பிடித்த இடத்தில் அடிப்பதில்லை. கேமராவுக்கு நேரே இழுத்து வந்துதான் அடிக்கிறான். கேமரா நகராது, அடி பார்வையாளருக்குத் தெரிய வேண்டும். கூத்து மேடையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் அந்தக் கணக்கு தோல்பாவைக் கூத்தில் இருந்தது. ராமாயணக் கதை நடந்துகொண்டே இருக்கும். திடீரென்று உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரைக்கு வந்து ஒருவரையொருவர் சாத்துவார்கள். தனித்தனியாக வெட்டி நூலால் பிணைத்த கைகால்கள், தட்டினால் உதறும். தோலுக்கு வலிக்காது என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். ஸ்பெஷல் நாடகத்துப் பபூனும் இந்த வம்சம்தான். ஆகவே, வெள்ளைக்காரன் படம் வந்துதான் நம்மவர்கள் விழுந்து சிரிக்கக் கற்றார்கள் என்று எந்தக் கட்டுரையாவது சொன்னால், தலைவர் என்ற முறையில் குறுக்கிடுவேன்.

படம் வந்த வழியும் சுவையானது. திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். அவர் கோவையில் வெரைட்டி ஹாலை நிறுவியது 1914. அமெரிக்காவில் கீஸ்டோன் கம்பெனியின் படத்தில் தொளதொளத்த கால்சட்டையும் கைத்தடியுமாகச் சாப்ளின் முதன்முதலில் திரைக்கு வந்ததும் அதே ஆண்டு பிப்ரவரியில். குழந்தைகளின் கார்ப் பந்தயத்தைப் படமெடுக்க விடாமல் கேமரா முன்னால் வந்து வந்து நிற்பான். தள்ளிவிட்டால் மறுபடியும் வருவான். கல்யாண வீட்டில் வீடியோக்காரரை இப்படிப் படுத்தும் பெரியப்பா எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டது 1936. கன்வேயர் பெல்ட்டில் நட்டு முறுக்கி முறுக்கி, பெல்ட்டை விட்டு வந்த பிறகும் கை நிற்காமல் துடிக்கும் தொழிலாளியாகச் சாப்ளின் நடித்த 'மாடர்ன் டைம்ஸ்' வெளிவந்ததும் 1936. அது குறும்படம் அல்ல என்று ஆட்சேபிக்கலாம். குறும்படத்தில் கற்ற வித்தைதான் அங்கே முழு நீளத்துக்கு விரிகிறது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பக்கத்தில் அறுந்த இழையைக் கட்டிக்கொண்டே நடக்கும் சைடருக்கும், நிரம்பிய பாபினைக் கழற்றும் டாஃபருக்கும் இயந்திரம் மனிதனுக்கு வேகம் வைப்பது என்றால் என்னவென்று தெரியும். அந்தக் காட்சியை மில் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பார்த்து ஒரு கட்டுரை எழுதப்பட வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து எழுதினால் வராது.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. பழைய படத்தில் எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவதைப் பார்த்து, அந்தக் காலத்து நடிப்பே அப்படித்தான் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். கேமராவைக் கையால் சுற்றிய காலம் அது. நொடிக்கு 16 ஃபிரேம் என்பது பேச்சுக்குத்தான். துரத்தல் காட்சியில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, திரையில் ஆளை விரட்டுவார்கள். பேசும் படம் வந்து 24 ஃபிரேம் நிலைத்த பிறகு, அந்தக் கணக்குப் பார்க்காமல் பழைய சுருளையும் 24இல் ஓட்டினார்கள். எது நடிகன் செய்தது, எது கேமராக்காரர் செய்தது, எது பிற்காலத்துப் புரொஜெக்டர் செய்தது என்று பிரிக்காமல் இந்தப் படங்களைப் பற்றிப் பேசுவது வீண்.

தமிழில் ஆராய அசல் சுருள்களே இல்லை என்று சிலர் சோர்ந்துபோகிறார்கள். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' போய்விட்டது உண்மைதான். ஆனால் உடம்புக்கு வேறு வழியில் ஞாபகம் உண்டு. 1987இல் கமல்ஹாசன் நடித்த 'பேசும் படம்' வசனமே இல்லாமல் ஓடியது. 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் நேசமணி தலையில் விழுந்த சுத்தியல் 2001இல் விழுந்தது. 2019இல் உலகமே அதைப் பற்றிப் பேசியது. மொழி தெரியாதவர்களும் சுத்தியலைப் புரிந்துகொண்டார்கள்.

ஆய்வாளர்களிடம் கேட்பது இவைதான்: பழைய கொட்டகை நோட்டீஸ் எங்கே கண்டாலும் படமெடுத்து வையுங்கள், வயதான பபூன்களிடம் வசனத்தைக் கேட்பதற்கு முன் எப்படி விழுவார்கள் என்று கேளுங்கள், முடிந்தால் விழுந்து காட்டச் சொல்லாதீர்கள். இன்று மாலைத் திரையிடலில் ஒவ்வொரு படத்தையும் அதற்கேற்ற வேகத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம். ஒருவருக்கு இருபது நிமிடம், மணி என் கையில் இருக்கிறது.