இரண்டாவது கோடு



நான் கீழவைப்பாரில் பிறந்தவன். கரிசலைக் கடந்து வரும் வைப்பாறு கடலில் சேரும் இடம் எங்கள் ஊர். பக்கத்து ஊரின் பெயரே சிப்பிகுளம். முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் வைப்பாரும் ஒன்று என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். ஆனால் 1961க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக் குளிக்கும் சலாபம் நடக்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் சங்கு குளிப்பவர்களையும் நண்டு வலைக்காரர்களையும் உப்பளத்துக்கு நடந்து போகும் பெண்களையும்தான்.

இன்று பட்டம் பெறும் உங்களுக்கு, வேலை பற்றியும் வாழ்க்கை பற்றியும் உங்கள் ஆசிரியர்கள் நிறையச் சொல்லியிருப்பார்கள். நான் கேட்க வந்தது வேறு. உங்களுக்குப் பிடித்த நாவலைப் பற்றி, அதைப் படிக்காத ஒருவரிடம் பேசுங்கள். ஏன் பிடித்தது, எங்கே இடித்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள். இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று சொல்ல, என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உங்கள் வயதில் நான் தகழியின் ‘செம்மீன்’ படித்தேன். சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தது. இரண்டு ராத்திரி தூக்கமில்லை. கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் என்னை விடவே இல்லை. லீவுக்கு ஊருக்குப் போனதும் பெரியம்மாவிடம் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. வாசலில் உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துக் கருவாட்டைத் தட்டித் தட்டி மண்ணை உதிர்த்துக்கொண்டே கேட்டார்கள். கடலுக்குப் போனவன் உயிர் கரையிலிருக்கும் பெண்டாட்டியின் ஒழுக்கத்தில் இருக்கிறது என்று அந்தக் கதையின் கடற்கரை நம்புவதைச் சொன்னேன். சுளகு நின்றுவிட்டது.

“ஏல, அப்ப உங்க பெரியப்பா வராமப் போனதுக்கு நாந்தான் காரணமா?”

பெரியப்பா ஓர் ஐப்பசிக் காற்றில் போனவர். உடல்கூடக் கரை சேரவில்லை. எனக்குப் பேச வாய் வரவில்லை. அந்த நாவலை ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருந்தவன் நான். அந்த நம்பிக்கையின் எடையைத் தலையில் சுமக்க வேண்டியவள் யார் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து பெரியம்மாவே, “சரி, மிச்சத்தையும் சொல்லு, அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார்கள். முடிவுவரை சொன்னேன். “பாவம்” என்றார்கள். கறுத்தம்மாவுக்காகவா, தனக்காகவா, தெரியாது.

‘செம்மீன்’ இன்றும் எனக்கு மிகப் பிடித்த நாவல்களில் ஒன்று. யார் கேட்டாலும் படிக்கச் சொல்வேன். ஆனால் பெரியம்மாவின் கேள்வியையும் சேர்த்துத்தான் கொடுப்பேன்.

ஜிபிஎஸ் வருவதற்கு முன், கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டை, அதாவது பாரை, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது உங்களில் பலருக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும். கரையில் கோயில் கோபுரமும் அதன் பின்னால் நிற்கும் ஒரு பனையும் ஒன்றையொன்று மறைத்து நேராக நிற்கும். அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள் நேராகும். அது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் வள்ளம் நின்றால் அடியில் பார் இருக்கும். தென்கடல் மீனவர்கள் இதைக் கணியம் என்பார்கள். ஒரு கோட்டை மட்டும் பிடித்துப் போனால் அந்த நேரிலேயே போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான், பார் எங்கே என்று தெரியாது. நாவலுக்கு என் வாசிப்பு ஒரு கோடு என்றால், பெரியம்மாவின் கேள்வி இரண்டாவது கோடு.

தமிழில், பிடித்த நூலைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லும் இந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவர் க.நா.சுப்ரமண்யம். தனக்குப் பிடித்த நூல்களைப் பற்றிச் சின்னச் சின்னக் கட்டுரைகள் எழுதி, ‘படித்திருக்கிறீர்களா?’ என்றே அந்தத் தொகுப்புக்குப் பெயர் வைத்தார். ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்த கொங்கு நாட்டுக் கதை. அது இன்றும் பேசப்படுகிறதென்றால், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த க.நா.சு.வுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. நார்வேயின் நட் ஹாம்சன் நாவலை ‘நிலவளம்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். அவர் போட்ட நாவல் பட்டியல்களோடு சண்டை போட்டவர்கள் ஏராளம். சண்டை போடவாவது அந்த நாவல்களைப் படித்தார்கள் அல்லவா!

என் பட்டியலையும் சொல்லிவிடுகிறேன். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, 1977. சின்ன நாவல், ஒரே மூச்சில் படித்துவிடலாம். வள்ளத்துக்கும் லாஞ்சுக்கும் நடக்கும் சண்டைக்கு நடுவே, தன் வள்ளத்தை விற்க மனம் வராத குரூஸ் மிக்கேலும் அவர் மகள் பிலோமியும் இருப்பார்கள். பிலோமிக்கு நடப்பது துரோகம். ஆனால் அவள் மனம் கசந்துபோவதில்லை. முதல் தடவை படித்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை, இவள் ஏன் கோபப்படவில்லை என்று தோன்றியது. நாற்பது வயதுக்கு மேல் மறுபடி படித்தபோதுதான், கசக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று விளங்கியது.

ராஜம் கிருஷ்ணன் நம் பக்கத்துக்காரர் அல்ல. முசிறியில் பிறந்தவர். உப்பளத்துக்கு வந்து, மக்களோடு பேசி, ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அதில் பேச்சு மொழி சில இடங்களில் என் காதுக்கு ஒட்டவில்லை. ஆனாலும் அதைப் படித்த பிறகு, வெயிலில் கண் கூசும் பாத்திகளில் நிற்கும் பெண்களை என்னால் பழையபடி பார்த்துக்கொண்டே பஸ்ஸில் கடந்துபோக முடியவில்லை. கரிசல் பக்கத்துப் பிள்ளைகள் கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தை தங்கள் தாத்தாவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டட்டும். அதற்கு நான் தேவையில்லை.

கடைசியாக, உவரிக்காரர் ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’, 2004இல் வந்தது. கடலில் தத்தளிக்கும் மூன்று பேரையும், அவர்களுக்குப் பின்னால் மூன்று தலைமுறையையும் சொல்லும் நாவல். என் பிரதியை ஊரில் சங்கு குளிக்கப் போகும் ஒருவருக்குக் கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவர். புத்தகம் திரும்பி வர ஒன்பது மாதமானது. அட்டை கிழிந்து, செலோடேப் ஒட்டி, உப்புக் காற்றில் தாள் உப்பி, முன்பைவிடத் தடியாக வந்தது. திறந்தால் ஓரங்களில் பென்சில் எழுத்து. ஒரு காற்றின் பெயருக்குப் பக்கத்தில், “நம்ம ஊர்ல இப்படிச் சொல்லமாட்டோம்”. ஒரு மீனின் பெயருக்குக் கீழே கோடு. மூன்று பேரும் தண்ணீரில் தவிக்கும் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சொல்: “ஆமா”.

அந்தப் பிரதியை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். பென்சில் எழுத்தை யாரும் அழித்துவிட வேண்டாம். ஓரங்களில் இன்னும் இடம் இருக்கிறது.