கடனும் குருட்டு நம்பிக்கையும்



மூடநம்பிக்கை கோயிலிலும் குளத்திலும் மாத்திரந்தான் இருக்கிறதென்று பலர் எண்ணுகிறார்கள். பாங்கிக்குள்ளும் அது உண்டென்பதற்கு அமெரிக்காவின் கதையே போதும்.

2001-ல் அந்நாட்டில் வியாபாரம் மந்தமாயிற்று. மத்திய பாங்கியானது அடிப்படை வட்டியைக் குறைத்துக்கொண்டே போய், 2003-ல் நூற்றுக்கு 1 ஆக்கிவிட்டது. கடன் மலிந்தது. போதிய வருமானமில்லாதவனுக்கும் வீட்டுக் கடன் கொடுத்தார்கள். விலை ஏற ஏற, அதே வீட்டின்பேரில் மேலும் கடன் வாங்கிச் செலவழித்தார்கள். "வீட்டு விலை இறங்காது" என்பது வேதவாக்காயிற்று. சந்தேகப்பட்டவனை நாஸ்திகனைப் போலவே பார்த்தார்கள்!

2006-ல் அவ்வட்டி 5.25 ஆயிற்று. தவணை கட்ட முடியவில்லை. வீட்டு விலையும் விழுந்தது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்னும் பெருங்கம்பெனி திவாலாயிற்று. பாங்கிகளைத் தூக்கி நிறுத்த சர்க்கார் 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கிற்று. ஆனால் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. 2009 அக்டோபரில் உழைப்பாளரில் நூற்றுக்கு 10 பேருக்கு வேலையில்லை. லாபம் ஒருவனுக்கு, நஷ்டம் ஊருக்கு என்பது எந்த நியாயம் என்று கேட்கின்றோம்.

கடனே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. உழவு மாட்டுக்கு வாங்கிய கடனை அம்மாடு உழுது தீர்க்கும். கலியாணப் பந்தலுக்கு வாங்கிய கடனைப் பந்தலா தீர்க்கும்? நாளைய கூலியை இன்றே தின்பதற்குப் பெயர் செல்வமா?

ஆகவே தோழர்களே, கையெழுத்திடுமுன், "வட்டி ஏறினால்? விலை இறங்கினால்?" என்று கேளுங்கள். சொல்லுகிறவன் புரோகிதனாயிருந்தாலும் சரி, பாங்கிக்காரனாயிருந்தாலும் சரி, கேட்காமல் நம்பாதீர்கள்.